உழைத்துப் படிக்கப் போனவர்கள்: பிரான்சில் சீன மாணவர்களும் பொதுவுடைமையும் (1919–1926)

முதல் உலகப் போர் முடிந்த சில மாதங்களில், 1919 மார்ச்சில் தொடங்கி 1920 இறுதி வரை, சுமார் 1,600 சீன இளைஞர்கள் பிரான்சுக்குக் கப்பலேறினார்கள். ஆலையில் வேலை செய்து, அந்தக் கூலியை மிச்சம் பிடித்துப் படித்து, தொழில்நுட்பம் தெரிந்தவர்களாக ஊர் திரும்புவது அவர்கள் எண்ணம். 'ஊக்கமாக உழை, சிக்கனமாகப் படி' என்று பொருள்படும் நான்கெழுத்துத் தொடரே அந்த முயற்சிக்குப் பெயராக நின்றது. அவர்களில் பெரும்பாலோருக்குப் படிப்பு முறையாகக் கிட்டவில்லை. ஆனால் சூ என்லாய், டெங் சியாவோபிங், சென் யீ, நியே ரொங்ஜென், லீ ஃபூசுன், காய் சாங் முதலானோர் அந்தக் கூட்டத்திலிருந்தே வந்தனர். பிற்காலச் சீன மக்கள் குடியரசின் பிரதமர், வெளியுறவு அமைச்சர், படைத் தளபதிகள், திட்டக் குழுத் தலைவர், மகளிர் அமைப்பின் தலைவி எனப் பலர் இருபது வயதை ஒட்டிய பருவத்தில் பிரெஞ்சு ஆலை வாசல்களில் வேலை கேட்டு நின்றவர்கள். வெளிநாட்டுக் கல்வி பொதுவுடைமை பரவ வழியான நிகழ்வுகளில் இது மிகப் பெரிய விளைவைத் தந்தது. அந்த விளைவை முயற்சியைத் தொடங்கியவர்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை.

தொடங்கியவர்கள்

லீ ஷிசெங், சிங் பேரரசின் உயர் அதிகாரி ஒருவரின் மகன். 1902இல் தூதரகப் பணியாளராகப் பிரான்சுக்கு வந்தவர், மொந்தார்ஜி நகரின் வேளாண் பள்ளியில் படித்தார். சோயா மொச்சையை ஆராய்ந்து, பாரிசை அடுத்த லா கரென்-கொலோம்பில் சோயாக்கட்டி ஆலை ஒன்றை நிறுவினார். ஆலைக்கு ஆட்களைச் சீனாவிலிருந்தே வரவழைத்து, வேலை முடிந்த மாலைகளில் அவர்களுக்குப் பாடம் நடத்தினார். உழைப்பையும் படிப்பையும் ஒரே ஆளுக்குள் சேர்க்கலாம் என்ற எண்ணம் அந்த ஆலையில்தான் உருக்கொண்டது.

லீயும் அவர் தோழர் வூ ஜிஹுயும் அரசே வேண்டாம் என்ற கொள்கையினர். 1907 முதல் பாரிசிலிருந்து 'புதிய நூற்றாண்டு' என்ற இதழை நடத்தினர். கையால் உழைப்பவன், மூளையால் உழைப்பவன் என்ற பிரிவு ஒழிந்தால் சமூகம் தானே திருந்தும் என்று நம்பினர். 1912இல் பிரான்சில் சிக்கனமாகப் படிப்பதற்கான சங்கமும், 1915இல் உழைத்துப் படிப்பதற்கான சங்கமும், 1916இல் சீன–பிரெஞ்சுக் கல்விச் சங்கமும் இவர்கள் முயற்சியில் தோன்றின. பின்னாளில் பீக்கிங் பல்கலைக்கழகத் தலைவரான காய் யுவான்பெய் இவற்றில் முன்னின்றார்.

போர்க்காலத்தில் பிரித்தானியாவும் பிரான்சும் சேர்ந்து சுமார் 1,40,000 சீனத் தொழிலாளர்களை மேற்குப் போர்முனைக்குக் கொண்டுவந்தன. பதுங்குகுழி வெட்டியும் தண்டவாளம் போட்டும் சரக்கு இறக்கியும் வேலை செய்த அந்த ஆட்களால், சீனர் பிரெஞ்சு ஆலையில் வேலை செய்யலாம் என்பது புதுமையாகத் தோன்றாத நிலை வந்தது. இலட்சக்கணக்கில் ஆண்களைப் போரில் இழந்த பிரான்சில் ஆள் பஞ்சமும் இருந்தது. கணக்குச் சரியாகவே தெரிந்தது.

கப்பல் பயணம்

முதல் அணியாக 89 பேர் 1919 மார்ச் 17 அன்று ஷாங்காயிலிருந்து புறப்பட்டனர். ஹூனான், சிச்சுவான் ஆகிய இரு மாகாணங்களிலிருந்து போனவர்களே எண்ணிக்கையில் அதிகம். ஹூனானில் ஆள் சேர்த்தவர்களுள் மாவோ சேதுங் ஒருவர். அவர் ஷாங்காய் வரை வந்து நண்பர்களை வழியனுப்பிவிட்டுத் திரும்பினார். சொந்த நாட்டைப் பற்றித் தமக்கு இன்னும் போதிய அறிவில்லை என்பது தாம் போகாததற்கு அவர் பின்னாளில் சொன்ன காரணம்.

இடையில் வந்தது 1919 மே 4. வெர்சாய் மாநாடு ஷான்தோங்கில் ஜெர்மனிக்கு இருந்த உரிமைகளைச் சீனாவிடம் திருப்பித் தராமல் ஜப்பானுக்குக் கொடுத்தது. பீக்கிங் மாணவர்கள் தெருவில் இறங்கினர். அதற்குப் பின் கப்பலேறியவர்கள் வேறு மனநிலையில் போனார்கள். தியென்சின் மாணவர் போராட்டத்தில் சிறை சென்று மீண்ட சூ என்லாய், 1920 நவம்பரில் 'போர்த்தோஸ்' கப்பலில் புறப்பட்டார். அவ்வாண்டு செப்டம்பர் 11 அன்று 'அந்த்ரே லெபோன்' கப்பலில் ஏறிய சிச்சுவான் மாணவர்களில் டெங் சியாவோபிங்குக்கு வயது பதினாறு. ஹாங்காங், சைகோன், சிங்கப்பூர், கொழும்பு, சூயஸ் வழியாக அக்டோபர் 19 அன்று மார்செய் போய்ச் சேர்ந்தனர். நாட்டுக்குத் தொழில் வேண்டும், தொழிலுக்குப் படிப்பு வேண்டும் என்பதைத் தவிர வேறெதுவும் அப்போது தம் மனத்தில் இல்லை என்ற பொருள்பட அவர் பின்னர் மாஸ்கோவில் எழுதிக் கொடுத்தார். அதை நம்பலாம். பதினாறு வயதுப் பையன்கள் புரட்சி செய்யக் கப்பலேறுவதில்லை.

மொந்தார்ஜி

பாரிசுக்குத் தெற்கே சுமார் நூறு கிலோமீட்டரில், கால்வாய்கள் ஓடும் சிறு நகரம் மொந்தார்ஜி. லீ ஷிசெங்குக்கு அங்கே பழைய பழக்கம் இருந்ததால் மாணவர்கள் பலர் முதலில் அங்குள்ள பள்ளிகளில் சேர்க்கப்பட்டனர். ஹூனான் குழுவினரில் காய் ஹெசென், அவர் தங்கை காய் சாங், அவர்கள் தாயார் கே ஜியான்ஹாவ் மூவரும் இருந்தனர். தாயாருக்கு அப்போது ஐம்பது வயது தாண்டிவிட்டது. பிள்ளைகளோடு தாமும் பிரெஞ்சு எழுத்துப் படித்து, பூத்தையல் வேலை செய்து விற்றுச் செலவுக்கு ஈட்டினார். இந்த இயக்கத்தைப் பற்றிய எழுத்துகளில் இவர் ஒரு வரியில் கடந்து செல்லப்படுவது நியாயமில்லை. கணவன் வீட்டை விட்டு விலகி வந்து, அந்த வயதில் கடல் கடந்து, பேரப்பிள்ளை வயதினரோடு வகுப்பில் உட்கார்ந்த பெண் அவர்.

காய் ஹெசென் வகுப்புக்குப் பெரும்பாலும் போகவில்லை. கையில் அகராதி, எதிரில் பிரெஞ்சு இடதுசாரி நாளேடான 'லுமானித்தே', மார்க்சியச் சிறுநூல்கள். சொல் சொல்லாகத் தேடி, 'வெறியோடு படித்து வெறியோடு மொழிபெயர்ப்பது' அவர் முறை. சில மாதங்களில் ரஷ்யப் புரட்சி குறித்தும் கட்சி அமைப்பு குறித்தும் தெளிவான கருத்துக்கு வந்துவிட்டார். 1920 ஜூலையில் ஹூனான் நண்பர்கள் மொந்தார்ஜியில் கூடியபோது கருத்து இரண்டாகப் பிரிந்தது. கல்வி வழியாகப் படிப்படியாகச் சீனாவை மாற்றலாம் என்றது ஒரு தரப்பு. ரஷ்யா போன வழியே வழி என்றார் காய். ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் மாவோவுக்கு எழுதிய நீண்ட கடிதங்களில் சீனாவில் பொதுவுடைமைக் கட்சி அமைக்க வேண்டும் என்று வாதிட்டார். மாவோ அவரோடு முழுதும் உடன்பட்டு மறுமொழி எழுதினார். கட்சியின் முதல் பேராயம் 1921 ஜூலையில்தான் கூடியது. அதற்கு ஏறத்தாழ ஓராண்டு முன்பே, ஒரு பிரெஞ்சுச் சிற்றூரிலிருந்து அதன் பெயரோடு கடிதம் போயிருந்தது.

காய் ஹெசெனும், ஹூனான் குழுவில் இருந்த மாணவி சியாங் ஜிங்யூவும் அங்கேயே மணம் செய்துகொண்டனர். மணப்படத்தில் இருவர் கையிலும் மார்க்சின் 'மூலதனம்' இருந்தது.

ஆலை

மாணவர்கள் எதிர்பார்த்த பிரான்ஸ் வேறு, கண்ட பிரான்ஸ் வேறு. போர் முடிந்து பிரெஞ்சுப் படைவீரர்கள் வீடு திரும்பினார்கள். 1920இன் பிற்பகுதியில் தொழில் மந்தம் தொடங்கியது. பிராங்கின் மதிப்பு சரிந்து விலைவாசி ஏறியது. கைத்தொழில் தெரியாத, மொழி தெரியாத, உடல் வலுவில்லாத சீன மாணவனுக்கு மிஞ்சியது எடுபிடி வேலை. கூலி, ரொட்டிக்கும் வாடகைக்கும் போதவில்லை. படிப்புக்கு மிச்சம் பிடிப்பது எங்கே?

டெங் நோர்மாண்டியின் பையோ நகரப் பள்ளியில் ஏறத்தாழ ஐந்து மாதம் படித்தார். கையிலிருந்த காசு அதோடு தீர்ந்தது. 1921 ஏப்ரலில் லெ க்ரூசோவிலுள்ள ஷ்னைதர் இரும்பாலையில் சேர்ந்தார். பழுக்கக் காய்ந்த இரும்பை இடுக்கியால் பிடித்து இழுக்கும் வேலை, உயரம் ஐந்தடியைத் தாண்டாத உடலுக்கு. மூன்று வாரத்தில் விலகினார். அடுத்த ஆண்டு மொந்தார்ஜியை ஒட்டிய ஷாலெத்தில், ஹட்சின்சன் ரப்பர் ஆலையில் மழைக்காலத்தில் பூட்ஸ்மேல் மாட்டும் ரப்பர் உறைகள் செய்யும் பிரிவில் வேலை கிடைத்தது. வாரத்துக்கு 54 மணி நேர வேலை. சீன மாணவர்கள் பக்கத்திலேயே ஒரு மரக் கொட்டகையில் கூட்டமாகத் தங்கினர்.

இந்த ஆலைகளில் ஒருவரும் மார்க்சியம் போதிக்கவில்லை. ஆனால் ஊரில் படித்த குடும்பம், நிலமுடைய குடும்பம் என்று தலைநிமிர்ந்து நடந்தவன், இங்கே மேஸ்திரியின் அதட்டலுக்கு அஞ்சி நிற்கும் கூலியாளாக இருந்தான். சீன மரபில் படித்தவன் கையில் நகம் வளர்த்தவன், பாரம் தூக்காதவன். அந்த வேலி சில மாதங்களில் இடிந்தது. 'தொழிலாளி வர்க்கம்' என்ற சொல் புத்தகத்தில் வருமுன் தோளில் வந்து உட்கார்ந்துவிட்டது. பிரான்சில் மிஞ்சியிருந்த சில ஆயிரம் சீனப் போர்க்காலத் தொழிலாளர்களோடு ஒரே கொட்டகையில் தங்கி, அவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்து, எழுத்துச் சொல்லிக் கொடுத்தபோது, மக்களோடு பேசும் மொழியையும் மாணவர்கள் கற்றனர். பின்னாளில் கட்சியின் தொழிற்சங்கப் பணிக்கு இதுவே பயிற்சி.

1921: மூன்று மோதல்கள்

அவ்வாண்டு ஜனவரியில், மாணவர்களுக்கு இனிப் பண உதவி இயலாது என்று சீன–பிரெஞ்சுக் கல்விச் சங்கம் கைவிரித்தது. இதுதான் திருப்பம். பிப்ரவரி 28 அன்று நூற்றுக்கணக்கானோர், வாழும் உரிமையும் படிக்கும் உரிமையும் கேட்டுப் பாரிசிலுள்ள சீனத் தூதரகத்துக்கு ஊர்வலமாகச் சென்று காவல்துறையால் கலைக்கப்பட்டனர். கோடையில், பீக்கிங் அரசு பிரான்சிடம் இரகசியமாகக் கடன் பேசுவது தெரியவந்ததும் இரண்டாவது போராட்டம். அதுவரை வயிற்றுக்காக நடந்த போராட்டம் அதில்தான் அரசியலுக்குத் திரும்பியது.

மூன்றாவது மோதல் லியோனில் நடந்தது. அந்நகரின் பழைய கோட்டை ஒன்றில் சீன மாணவர்களுக்கான சீன–பிரெஞ்சு நிறுவனம் திறக்கத் தயாரானது. பிரான்சில் பட்டினி கிடக்கும் மாணவர்களுக்கு அது கதவு திறக்கும் என்று எல்லோரும் நம்பினர். ஆனால் வூ ஜிஹுய் சீனாவிலிருந்து புதிய மாணவர்களை அழைத்து வந்தார். செப்டம்பரில் நூற்றுக்கும் மேற்பட்டோர் லியோன் சென்று வளாகத்துக்குள் நுழைந்தனர். காவல்துறை பிடித்து ஒரு படைமுகாமில் அடைத்தது. அக்டோபரில் 104 பேர் நாடு கடத்தப்பட்டனர். காய் ஹெசென், லீ லிசான், சென் யீ அவர்களில் அடங்குவர்.

பிரெஞ்சு அரசு தொல்லையைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டதாக நினைத்தது. உண்மையில் நடந்தது, பயிற்சி பெற்ற அமைப்பாளர்களைக் கட்சி தொடங்கிய சில மாதங்களில் ஷாங்காய்க்கு அரசுச் செலவில் கொண்டு சேர்த்தது.

பூலோஞ்ச் காடு முதல் கொத்ஃப்ருவா தெரு வரை

1922 ஜூனில் பாரிசின் பூலோஞ்ச் காட்டில் பதினெட்டு பேர் கூடினர். அங்கே ஐரோப்பாவிலிருந்த சீன இளைஞர்களுக்கான பொதுவுடைமை அமைப்பு பிறந்தது. ஜாவ் ஷியான் செயலாளர். ஜெர்மனியிலிருந்து வந்திருந்த சூ என்லாய் பரப்புரைப் பொறுப்பாளர். கட்சி நிறுவனர் சென் தூசியுவின் மகன் சென் யென்னியனும் அதில் இருந்தார். அவர் முன்பு அரசு வேண்டாக் கொள்கையினர்; வூ ஜிஹுயின் ஆதரவோடு பிரான்ஸ் வந்தவர். லியோன் நிகழ்ச்சி அவர் போன்றோரைப் பழைய ஆசான்களிடமிருந்து பிரித்தது. அவ்வாண்டிலேயே பெர்லினில், படைத் தளபதிப் பதவியைத் துறந்து வந்த முப்பத்தைந்து வயது ஜூ தே, சூ என்லாயைத் தேடிக் கண்டு கட்சியில் சேர்ந்தார்.

சீனத் தோழர்கள் சிலரைப் பிரெஞ்சுப் பொதுவுடைமைக் கட்சியில் சேர்த்துவிட்டவர் ஒரு வியட்நாமியர். 1920 டிசம்பரில் தூர் மாநாட்டில் அக்கட்சி உருவானபோது உடனிருந்த, அப்போது நுயென் ஆய் குவோக் என்று அறியப்பட்ட ஹோ சி மின் அவர்.

பாரிசில் கொத்ஃப்ருவா தெருவின் 17ஆம் எண்ணிலிருந்த மலிவான விடுதியின் சிற்றறையே அமைப்பின் அலுவலகம். 'இளமை' என்ற இதழும், 1924 பிப்ரவரி முதல் 'செவ்வொளி'யும் அங்கிருந்து வந்தன. சூ எழுதுவார்; டெங் ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைலில் படி எடுத்து, தைத்துக் கட்டுவார். எழுத்து அத்தனை திருத்தமாக இருந்ததால் தோழர்கள் அவருக்கு 'சைக்ளோஸ்டைல் டாக்டர்' என்று பட்டம் சூட்டினர். பிரான்சில் அவர் பெற்ற ஒரே பட்டம் அது.

எல்லோரும் இந்தப் பக்கம் வந்துவிடவில்லை. மாணவர்களில் பெரும்பான்மையினர் பொதுவுடைமையர் ஆகாதவர்களே. பொதுவுடைமையைக் கடுமையாக எதிர்த்த தேசியவாதிகளின் சீன இளைஞர் கட்சியும் 1923 டிசம்பரில் பாரிசிலேயே தொடங்கியது. ஒரே பட்டினி ஒரே கொள்கையைத் தந்துவிடாது என்பதற்கு இது சான்று. ஆனால் ஒழுங்காக இதழ் நடத்தி, சந்தா வசூலித்து, கிளை வைத்து இயங்கிய அணி நிலைத்தது.

மாஸ்கோ

முறையான பொதுவுடைமைக் கல்வி பின்னர்தான் வந்தது. கீழை உழைப்பாளர் பொதுவுடைமைப் பல்கலைக்கழகம் 1921இலும், சன் யாட்சென் பல்கலைக்கழகம் 1925இலும் மாஸ்கோவில் திறக்கப்பட்டன. பிரான்சிலிருந்து பலர் அங்கே அனுப்பப்பட்டனர். 1926 ஜனவரி 7 அன்று டெங் பாரிசை விட்டுக் கிளம்பினார். மறுநாள் காவலர்கள் பியாங்கூரில் அவர் தங்கியிருந்த அறையைச் சோதித்தபோது அச்சுக் கருவிகளே அகப்பட்டன.

சன் யாட்சென் பல்கலைக்கழகத்தில் டெங்கோடு படித்தவர்களில் குவோமின்தாங் என்ற தேசியக் கட்சியின் தலைவர் சியாங் காய்-ஷெக்கின் மகன் சியாங் சிங்-குவோவும் ஒருவர். பின்னாளில் தாய்வான் குடியரசுத் தலைவர். ஒரே வகுப்பறை எதிரெதிர்த் தலைவர்கள் இருவரைத் தந்திருக்கிறது. மாஸ்கோ கல்வியையே தகுதியாகக் கொண்டு கட்சித் தலைமைக்கு வந்த வாங் மிங் குழுவினர் முப்பதுகளில் மாவோவோடு மோதித் தோற்றனர். பாடத்திட்டம் போட்டுப் புரட்சியாளரை வார்த்தெடுப்பதில் மாஸ்கோ பெற்ற வெற்றி, எதையும் திட்டமிடாத பிரான்ஸ் பெற்ற வெற்றியைவிடக் குறைவு என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

திரும்பியவர்கள்

1927 ஏப்ரலில் சியாங் காய்-ஷெக் ஷாங்காயில் பொதுவுடைமையரை வேட்டையாடத் தொடங்கினார். அந்த நடவடிக்கைக்கு ஆதரவளித்த குவோமின்தாங் மூத்தோர் நால்வரில் மூவர் லீ ஷிசெங், வூ ஜிஹுய், காய் யுவான்பெய். பிள்ளைகளைக் கப்பலேற்றி அனுப்பியவர்களே, அந்தப் பிள்ளைகள் கொல்லப்படும்போது ஆட்சியின் பக்கம் நின்றார்கள். அவ்வாண்டு ஜூலையில் சென் யென்னியனும் ஜாவ் ஷியானும் ஷாங்காயில் கொல்லப்பட்டனர். சியாங் ஜிங்யூ 1928 மே முதல் நாளில் ஹான்கோவிலும், காய் ஹெசென் 1931இல் குவாங்சோவிலும் கொல்லப்பட்டனர். மணப்படத்தில் புத்தகம் பிடித்திருந்த இருவரும் நாற்பது வயதைக் காணவில்லை.

மிஞ்சியவர்கள் 1949க்குப் பின் ஆட்சிக்கு வந்தனர். சூ என்லாய் 1976இல் இறக்கும்வரை பிரதமர். சென் யீயும் நியே ரொங்ஜெனும் 1955இல் அறிவிக்கப்பட்ட பத்துப் படை மார்ஷல்களில் இருவர்; ஜெர்மனியில் கட்சியில் சேர்ந்த ஜூ தே அவர்களில் முதல்வர். பெல்ஜியத்தில் தொழிற்கல்வி பெற்ற நியே, சீனாவின் அணுகுண்டுத் திட்டத்தை நடத்தினார். நாட்டுக்குத் தொழில்நுட்பம் கொண்டுவருவது என்ற பழைய கனவு அந்த ஒருவரிடத்தில் அப்படி ஒரு வழியில் நிறைவேறியது.

பிற நாட்டு மாணவர்கள்

ஐரோப்பாவில் படித்து இடதுசாரியான பிற ஆசிய மாணவர்களின் கதை இதிலிருந்து வேறுபடுகிறது. லண்டன், கேம்பிரிட்ஜ் நகரங்களுக்குப் போன இந்தியரும் இலங்கையரும் பெரும்பாலும் வசதியான வீட்டுப் பிள்ளைகள். அவர்களைத் திருப்பியவை நூல்களும், விவாத மன்றங்களும், ஸ்பானிய உள்நாட்டுப் போரும், பாசிசத்தின் எழுச்சியும். சென்னை மாகாண முதல்வராக இருந்த ப. சுப்பராயனின் மகன் மோகன் குமாரமங்கலம் கேம்பிரிட்ஜ் மாணவர் ஒன்றியத் தலைவராக இருந்து, பொதுவுடைமையராகத் திரும்பிச் சென்னைச் சதி வழக்கில் சிக்கினார். அவர் தங்கை பார்வதி கிருஷ்ணன் கோவையின் நாடாளுமன்ற உறுப்பினரானார். ஜோதி பாசு வழக்கறிஞர் படிப்புக்கு லண்டன் போய், 1940இல் கட்சிக்காரராகத் திரும்பினார். இலங்கையில் 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கிய என்.எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா, லெஸ்லி குணவர்த்தன ஆகியோர் லண்டனிலும், பிலிப் குணவர்த்தன அமெரிக்காவிலும் படித்தவர்கள். அதிலிருந்து பிரிந்து 1943இல் தோன்றிய இலங்கைக் கம்யூனிஸ்ட் கட்சியில், இங்கிலாந்தில் பயின்ற அ. வைத்தியலிங்கம், பொன்னம்பலம் கந்தையா போன்ற தமிழர்கள் முன்னணியில் இருந்தனர். கந்தையா 1956இல் பருத்தித்துறையில் வென்றார்.

பாரிசின் பெயரைக் கறைப்படுத்தியவர்களும் உண்டு. 1949இல் வானொலித் தொழில்நுட்பம் படிக்க உதவித்தொகையோடு போன சலோத் சார், கம்போடிய மாணவர்களின் மார்க்சிய வட்டத்தில் நுழைந்தார். தேர்வில் தோற்று 1953இல் திரும்பினார். உலகம் அவரைப் பின்னர் போல் பாட் என்று அறிந்தது. அவருடைய வட்டத்தினருக்குச் சீன மாணவர்களின் ஆலை அனுபவம் இருந்ததில்லை. உழைப்பாளியைப் புத்தகத்தில் மட்டும் கண்டவர்கள் உழைப்பாளியின் பெயரால் ஒரு நாட்டையே வயலுக்கு ஓட்டினார்கள் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

1960இல் மாஸ்கோவில் தொடங்கிய மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகம், பின்னர் லுமும்பா பெயர் பெற்றது. அது ஆசிய, ஆப்பிரிக்க மாணவர்களுக்குப் பெரும்பாலும் மருத்துவமும் பொறியியலும் தந்து அனுப்பியது. அங்கே மருத்துவம் படித்த ரோகண விஜேவீர இலங்கையில் மாவோ ஆதரவுப் பக்கம் சாய்ந்ததால், சோவியத் அரசு அவருக்கு மறுபடி விசா மறுத்தது. 1971 கிளர்ச்சியை நடத்திய மக்கள் விடுதலை முன்னணியின் நிறுவனர் அவரே.

நினைவிடங்கள்

கொத்ஃப்ருவா தெரு விடுதிச் சுவரில் சூ என்லாயின் உருவம் பொறித்த பலகை 1979 முதல் இருக்கிறது. மொந்தார்ஜி இரயில் நிலையத்தின் முன் உள்ள சதுக்கத்துக்கு டெங்கின் பெயர். நகரில் இந்த மாணவர்களுக்கென ஓர் அருங்காட்சியகமும் உண்டு. 1974இல் ஐ.நா. அவையில் பேசிவிட்டுப் பாரிஸ் வழியாகத் திரும்பிய டெங், அங்கே குரோசான் ரொட்டிகள் வாங்கிப் பீக்கிங்கில் பழைய பிரான்ஸ் தோழர்களுக்குப் பகிர்ந்தார். ஷாலெத்தின் ஹட்சின்சன் ஆலை இன்றும் இயங்குகிறது. அதன் ஆவணத்தில் அவருடைய பணியாளர் அட்டை இருந்தது. 1923 மார்ச்சில் அவர் விலகியபோது ஆலை எழுதிய குறிப்பு அதில் உள்ளது: வேலை செய்ய மறுத்தார், மீண்டும் சேர்க்க வேண்டாம்.